கழுத்தில் நின்ற ஜீப்

விடிந்தும் விடியாத நேரத்தில் ரேடியோ கரகரத்தது. "சலவை, சலவை. எங்க இருக்க?"

சலவை என்றால் ரெசியாத்தோதான். காட்டு மிருகங்களைப் பார்க்க முகாமுக்கு வருகிற விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளையும் சட்டைகளையும் வருடக்கணக்காகத் துவைத்தவள், வழிகாட்டிப் பரீட்சை எழுதித் தேறி, இந்தப் பருவத்தில்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். மற்ற டிரைவர்களுக்கு அவள் பெயர் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் ரேடியோவில் அப்படிக் கூப்பிட்டார்கள். சிங்கத்தை 'மீசை' என்றும் சிறுத்தையைப் 'புள்ளி' என்றும் சொல்லிப் பழகிய வாய்கள், அவளை மட்டும் விட்டுவைக்குமா?

"ரெசியாத்தோ பேசறேன். சொல்லுங்கப்பா," என்றாள்.

"முன்னாடி போய்க் கழுத்துல இடம் பிடி. நான் ஏஜென்ட் சாரைச் சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வரேன். நான் வந்ததும் வண்டியைப் பின்னாடி எடுத்து எனக்கு வழி விட்டுடு. புரியுதா மகளே?"

"புரியுது."

பேசியது தலைமை டிரைவர் கோய்னெட். அவள் அப்பா இல்லை. ஆனால் அவள் அப்பாவும் கோய்னெட்டும் ஒரே பருவத்தில் வாலிபர் கூட்டத்தில் சேர்ந்தவர்கள். மாசாய்களிடம் அப்படிச் சேர்ந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் அப்பா. தினமும் காலையில் அவரைக் கண்டதும் அவள் தலையைத் தாழ்த்த வேண்டும், அவர் உச்சந்தலையைத் தொட வேண்டும், அப்புறம்தான் மற்ற பேச்சு. தலையில் கை வைத்த மனிதரிடம் எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது கை வைக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இன்றைக்கு எதிர்த்துப் பேசவே கூடாத நாள். முந்தின நாள் மேனேஜர் கிதோங்கா கூப்பிட்டு, வளைக்காமல் சொல்லியிருந்தார்: "உன் சோதனைக் காலம் நாளையோட முடியுது. கோய்னெட் சரின்னு சொன்னா வண்டி உனக்கு. இல்லேன்னா மறுபடி சலவைத் தொட்டி. என்கிட்ட வந்து அழக் கூடாது." அவள் அழுகிற ஜாதி இல்லை. ஆனால் அந்தத் தொட்டியை நினைத்தாலே அவளுக்கு விரல் நுனி எல்லாம் சோப்பில் ஊறிச் சுருங்கியது போல இருந்தது.

அவளுடைய விருந்தாளிகள் இரண்டே பேர். கிசுமுவிலிருந்து வந்திருந்த அக்கேயோ அம்மாவும் அவர் புருஷன் சப்லோனும். அக்கேயோ ஏரிக்கரையில் மொத்த மீன் வியாபாரம் செய்பவர். ஆளும் பெரிது, தலையில் கட்டிய துணி அதைவிடப் பெரிது. "வெள்ளைக்காரன் ஆயிரம் மைல் தாண்டி வந்து பாக்கறான். நான் பக்கத்து ஊருல இருந்துக்கிட்டு சிங்கத்தைப் படத்துல பாத்துச் சாகணுமா?" என்று சொந்தப் பணத்தில் புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். முகாமில் முதல் நாள் இவரைச் சமையலுக்கு வந்த ஆள் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டினார்கள். "அந்த வாசல் உங்க மேனேஜருக்கு. எனக்கு முன்வாசல்," என்று சொல்லிவிட்டு நேரே உள்ளே போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளூர்க்காரர்கள் என்பதால்தான் அவர்களைப் புது டிரைவர் தலையில் கட்டினார்கள். கட்டியவர்களுக்கு அது வினையாக முடியும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஜீப் கிளம்பியதும் அக்கேயோ மடியில் வைத்திருந்த தகர டப்பாவைத் திறந்தார். வறுத்த ஒமேனா மீன், நெத்திலியை விடப் பொடிசு. வாசனை வண்டி முழுக்க நிறைந்தது.

"முகாம்ல காலைச் சாப்பாடு கட்டிக் குடுத்தாங்களேம்மா," என்றாள் ரெசியாத்தோ.

"அந்தக் கொழகொழ பீன்ஸா? அதைப் பல்லு இல்லாதவன் தின்பான். இந்தா, நீ எடு."

"வேண்டாம்மா. எங்க ஆளுங்க மீன் தின்ன மாட்டாங்க."

"பாம்பா இது? மாட்டு ரத்தத்தைக் குடிக்கிற ஊருல வந்து மீனுக்கு மூக்கைப் பிடிக்கிறதைப் பாரு." அக்கேயோ ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் சிரிப்பு அடங்கிய குரலில் சொன்னார். "மகளே, இன்னிக்கு மத்தியானம் நாங்க ஏரோப்ளேன் ஏறிப் போயிடுவோம். நேத்துப் பாத்ததோட வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது. ஒரு மாடாவது நாலு காலோட கரையேறறதைப் பாக்கணும். வேற எதுவும் கேக்கலை."

நேற்று நடந்தது ரெசியாத்தோவுக்கும் மறக்கவில்லை.

கழுத்து என்பது மாரா ஆற்றங்கரையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கும் தடம். ஒரு வண்டிதான் போக முடியும். அதைத் தாண்டினால் தண்ணீர் வரை விரிந்த மணல் சரிவு. புல்லைத் தேடி எதிர்க்கரையிலிருந்து நீந்தி வரும் நூ என்கிற காட்டு மாடுகளும் வரிக்குதிரைகளும் கரையேறுவதற்கு அந்த வளைவில் இருப்பது அந்த ஒரு சரிவுதான். மற்ற இடமெல்லாம் செங்குத்துப் பாறை. மிருகங்கள் தண்ணீரில் இறங்கி, கரையேறி முடிக்கும் வரை வண்டிகள் கழுத்துக்கு மேலேயே நிற்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ரோந்து வண்டி, கூட்டம் அதிகமாக இருக்கும் வேறொரு ஆற்றுத்துறைக்குப் போய்விட்டால், கேட்பதற்கு ஆளில்லை. நேற்றும் கேட்க ஆளில்லை. முதல் வரிக்குதிரை தண்ணீரை முகர்ந்ததுமே கோய்னெட் இறங்கினார். அவர் பின்னாலேயே எல்லோரும் இறங்கினார்கள். அப்படித்தான் வரச் சொல்லியிருந்தார் என்பதால் ரெசியாத்தோவும் இறங்கினாள். சரிவு முழுக்க வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. நடு ஆற்றுக்கு வந்துவிட்ட மாடுகள் திரும்பவும் முடியாமல், ஏறவும் இடமில்லாமல் பாறையில் தொற்றின. வழுக்கி வழுக்கி விழுந்தன. கால் முறிந்த கன்று ஒன்று பாறை இடுக்கில் கிடந்து மாலை வரை கத்தியது. வண்டிகளின் கூரையில் நின்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கேயோ இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. சப்லோன் மட்டும், "பாவம் அதுங்க," என்று ஒரு தடவை சொன்னார். நாலு நாளில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான்.

நேற்று மாலை இன்னொன்றும் நடந்தது. முகாமில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரண்டு டிரைவர்கள் கம்பை ஓங்கிக்கொண்டார்கள். சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் வந்து, குனிந்து ஒரு பிடி புல்லைப் பறித்து இருவருக்கும் நடுவே உயர்த்திப் பிடித்தாள். இரண்டு கம்பும் கீழே இறங்கின. "என்ன மாயம் இது?" என்று அக்கேயோ கேட்டார். "மாயம் இல்லம்மா. புல்லுதான். மாடு திங்கறது புல்லு. மாடு இல்லேன்னா நாங்க இல்ல. புல்லைப் பிடிச்சவங்க மேல கை ஓங்கக் கூடாது, அவங்களைத் தாண்டிப் போகக் கூடாது," என்று ரெசியாத்தோ விளக்கினாள். அக்கேயோ உதட்டைப் பிதுக்கினார். "எங்க மார்க்கெட்டுல புல்லைக் காட்டினா ஆட்டுக்குப் போட்டுட்டு அடிப்பாங்க."

கழுத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வேறு வண்டி எதுவும் இல்லை. ரெசியாத்தோ இரண்டு பாறைகளுக்கு நடுவே, தடம் இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள். இடம் பிடிப்பது புது ஆட்களின் வேலை. விடியலில் வந்து முன் வரிசையைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பெரிய விருந்தாளிகள் மெதுவாகத் தின்று முடித்து வந்ததும் பின்னால் நகர்ந்து கொடுக்க வேண்டும். திரையரங்கில் துண்டு போடுவது போலத்தான். துண்டுக்கு என்றைக்காவது நகர மாட்டேன் என்று தோன்றும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

எதிர்க்கரையில் தூசி எழுந்தது. முதலில் நூறு, இருநூறு, அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு நூ மாடுகள் வந்து குவிந்தன. தாடியும் சரிந்த முதுகுமாக, தண்ணீரைப் பார்ப்பதும் பின்வாங்குவதுமாக நின்றன. இந்தப் பக்கம் மேட்டில் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து அவள் பின்னால் நின்றன.

"இங்கேருந்து என்ன தெரியும்?" என்று அக்கேயோ கேட்டார்.

"பாதி ஆறு தெரியும்மா. அந்தச் சரிவோட மேல்பாதி தெரியும். மத்ததைப் பாறை மறைக்கும்."

"கீழ இறங்கினா?"

"எல்லாம் தெரியும். நேத்து மாதிரி."

அக்கேயோ டப்பாவை மூடினார்.

கோய்னெட்டின் வண்டி வந்தது. அவர் பக்கத்தில் பெரிய கேமராவோடு ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் எத்தனை விருந்தாளிகளை இந்த முகாமுக்கு அனுப்புவது என்பது அவர் கையில் இருந்தது. அதனால் கிதோங்கா அவருக்கு முட்டையின் வெள்ளையைத் தனியாகப் பொரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். ரேடியோ கரகரத்தது. "சலவை, வழி விடு."

எதிர்க்கரையில் ஒரு கிழட்டு வரிக்குதிரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு வந்தது. ரெசியாத்தோ அதையே பார்த்தாள். கை கியர் மேல் இருந்தது. பின்னால் எடுத்தால் நாளையும் இந்த ஸ்டியரிங் அவளுடையது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தச் சரிவு நேற்று மாதிரி ஆகிவிடும், நாளைக்கும் அதே மாதிரி ஆகும், அவளும் தினமும் அதற்கு முன்வரிசை பிடித்துக் கொடுப்பாள். அவளுக்குக் கோபம் வந்தது. கோய்னெட் மேல் வந்ததைவிடத் தன் கை மேல்தான் அதிகம் வந்தது, அது இன்னும் கியரைப் பிடித்துக்கொண்டிருந்ததால்.

அவள் எஞ்சினை அணைத்தாள். ரேடியோவை எடுத்தாள்.

"அப்பா, சலவை இங்க இல்ல. ரெசியாத்தோ இருக்கா. மாடெல்லாம் ஏறி முடிச்சப்புறம் வழி விடறேன்."

பின்னால் எங்கோ ஒரு டிரைவர் சிரித்தது ரேடியோவில் கேட்டது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கோய்னெட் வண்டியை விட்டு இறங்கி நடந்து வந்தார். இந்தக் காட்டில் வண்டியை விட்டு யாரும் இறங்கக் கூடாது, அதுவும் சட்டம்தான். சன்னலருகே வந்து கையை நீட்டினார். ரெசியாத்தோ வழக்கப்படி தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டித் தாழ்த்தினாள். அவர் தொட்டார்.

"இப்ப வண்டியை எடு."

"மாட்டேன்பா."

"என்ன சொன்ன?"

"தலை உங்களுக்குத் தாழ்த்திட்டேன். அது உங்களுக்கு உண்டு. வண்டி நகராது."

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா? உங்கப்பன் இருந்தா என் முன்னாடி இப்படிப் பேச விடுவானா?"

"எங்கப்பா இருந்தா நேத்து அந்தக் கன்னுக்குட்டி கத்தினதைக் கேட்டுட்டு உங்களோட உக்காந்து சாப்பிட்டிருக்க மாட்டாரு."

கோய்னெட்டின் முகம் கறுத்தது. சாவியைப் பறிக்கக் கையை உள்ளே விட்டார். சாவி அங்கே இல்லை. ரெசியாத்தோ முன்பே உருவிப் பின் இருக்கைக்குக் கொடுத்திருந்த அதை அக்கேயோ தகர டப்பாவுக்குள் போட்டு மூடி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"என்னைத் தூக்கிட்டு எடுத்துக்கோங்க அண்ணே," என்றார் அன்பாக. "துணைக்கு நாலு பேரைக் கூப்பிட்டுக்கோங்க. ஒருத்தரால முடியாது. இவரு முப்பது வருஷமா முயற்சி பண்றாரு."

சப்லோன் தலையாட்டினார்.

கோய்னெட் கையை வெளியே இழுத்துக்கொண்டார். பிறகு, "இன்னிக்கோட உன் சவாரி முடிஞ்சுது," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் சும்மா சொல்கிறவர் இல்லை என்பது ரெசியாத்தோவுக்குத் தெரியும். அதற்குள் வரிக்குதிரை முன்னங்கால்களைத் தண்ணீரில் வைத்துவிட்டது.

அப்போதுதான் நைரோபியிலிருந்து வந்திருந்த ஒரு வேன்காரன் பொறுமை இழந்தான். அவனுக்கும் பின்னால் கத்துகிற விருந்தாளிகள் இருந்தார்கள், பாவம். அவள் ஜீப்புக்கும் இடது பாறைக்கும் நடுவே, புதர் அடர்ந்த ஒரு சந்து இருந்தது. உரசிக்கொண்டு போனால் போகலாம். ஹாரனை அழுத்திக்கொண்டு அவன் அந்தச் சந்துக்குள் மூக்கை நுழைத்தான். ஹாரன் சத்தத்தில் எதிர்க்கரையில் இருந்த கூட்டம் முழுதும் தலையைத் தூக்கியது.

ரெசியாத்தோ கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். அந்தப் புதரில் மீசை படுத்திருக்கலாம். அதை யோசிக்க நேரமில்லை. குனிந்து இரண்டு கையாலும் புல்லைப் பறித்தாள். சந்தின் வாயில் வேனுக்கு எதிரே நின்று, புல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

"என்னம்மா இது, விறகு பொறுக்க வந்தியா? தள்ளு," என்று வேன்காரன் தலையை நீட்டிக் கத்தினான். அவன் ஊரில் புல்லுக்கு எந்த அர்த்தமும் இல்லை. வேன் ஒரு முழம் முன்னால் வந்தது. அவள் நகரவில்லை. இன்னும் ஒரு முழம் வந்தது. முன்பக்க இரும்பு அவள் முழங்காலைத் தொட்டது.

மேட்டில் நின்ற மாசாய் டிரைவர்கள் ஒவ்வொருவராக எஞ்சினை அணைத்தார்கள். யாரும் அவளுக்காக அணைக்கவில்லை. அவள் கையில் இருந்ததற்காக அணைத்தார்கள். கோய்னெட்டின் வண்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஏஜென்ட், "போ, போ, அந்த வேன் பின்னாலேயே போ," என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கோய்னெட் அந்தப் பெண்ணைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், அவள் முழங்காலில் முட்டி நிற்கும் இரும்பைப் பார்த்தார். தன் கூட்டத்தானின் மகள், கையில் புல்லோடு. அவர் வாயில் வந்த கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அவர் வண்டியை ஒடித்துத் திருப்பி, வேனின் பக்கவாட்டில் கொண்டுபோய்ச் சாத்தினார். வேன்காரன் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

"நீ என்னய்யா பண்ற? நீதான அவளைத் திட்டின?" என்றான் அவன் ஆத்திரத்தோடு.

"அவளைத் திட்டினேன். இன்னும் திட்டுவேன். நீ புல்லு மேல வண்டி ஏத்தினா இந்த மாராவுல உனக்கு ஒருத்தன் டயர் மாத்தக் கூட வர மாட்டான். ஹாரன்லேருந்து கையை எடு."

வேன்காரன் கையை எடுத்தான்.

சத்தம் அடங்கியது. எதிர்க்கரையில் தலைகள் தாழ்ந்தன. கிழட்டு வரிக்குதிரை தண்ணீருக்குள் பாய்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் கரையே இடிந்து விழுவது போல மொத்தக் கூட்டமும் இறங்கியது. ரெசியாத்தோ கையிலிருந்த புல்லைத் தன் ஜீப்பின் முன்பக்கக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு உள்ளே ஏறினாள்.

முழுதாக ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பாதி ஆற்றில் கொம்புகளும் மூக்குகளும் மிதந்தன. ஒரு முதலை ஒன்றை இழுத்துக்கொண்டு போனது, அது முதலையின் வழக்கம். மற்றவையெல்லாம் பாறைக்குப் பின்னால் மறைந்தன. அப்புறம் மணல் சரிவின் மேல்பாதியில், ஈரம் சொட்டச் சொட்ட, முதல் வரிக்குதிரை ஏறி வந்தது. உடம்பை உதறிக்கொண்டு புல்வெளிப் பக்கம் ஓடியது. பின்னால் நூ மாடுகள், கன்றுகள், மறுபடியும் மாடுகள். சரிவு முழுக்க அவற்றுக்கே கிடைத்தது. பாறைப் பக்கம் ஒன்று கூடப் போகவில்லை.

அக்கேயோ கூரைத் திறப்பில் எழுந்து நின்றார். "நாலு கால்," என்றார். அடுத்தது வந்தது. "அதுக்கும் நாலு." கன்று ஒன்று தாயோடு ஒட்டிக்கொண்டு ஏறியதும் அவருக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. முகத்தைத் தலைத்துணியால் மூடிக்கொண்டு அழுதார். மீன் சந்தையில் ஆண்களை அதட்டிச் சம்பாதித்த பெண், ஒரு மாட்டுக்கன்றுக்காக அப்படி அழுதது அவருக்கே வெட்கமாக இருந்திருக்கும். சப்லோன் எழுந்து நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ரெசியாத்தோ அழவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிரிப்பாக வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதை அடக்கினாள்.

கடைசி மாடு ஏறியதும் அக்கேயோ டப்பாவிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். ரெசியாத்தோ சொன்ன சொல் தவறாமல் பின்னால் எடுத்து வழி விட்டாள். கீழே பார்க்க அப்போது ஈர மணல்தான் இருந்தது.

முகாமுக்குத் திரும்பியபோது கிதோங்கா வண்டி நிறுத்தும் மரத்தடியில் காத்திருந்தார். ஏஜென்ட் ரேடியோவிலேயே எல்லாவற்றையும் கொட்டியிருந்தார். வண்டி நின்றதும் அக்கேயோ கையை நீட்ட, சாவி மறுபடியும் மீன் டப்பாவுக்குள் போனது.

"கோய்னெட், உங்க வார்த்தை என்ன?" என்று கிதோங்கா எல்லா டிரைவர்களும் கேட்கும்படி கேட்டார்.

"சொன்ன பேச்சைக் கேக்கலை. வண்டியை விட்டு இறங்கினா," என்றார் கோய்னெட்.

"நீங்களும் இறங்கினீங்கப்பா," என்றாள் ரெசியாத்தோ.

"நானும் இறங்கினேன்," என்றார் அவர் கொஞ்சமும் கூசாமல். "என் வார்த்தை மாறாது. இவ இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டா."

"அப்ப சரி. ஏஜென்ட் சார்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு சலவைக்குப் போ. இவங்களை விமானத் தளத்துக்கு லெட்டூரா கூட்டிட்டுப் போவான். சாவியைக் குடு."

"மன்னிப்பும் இல்ல, சலவையும் இல்ல சார். நான் பரீட்சை எழுதினது துணி துவைக்க இல்ல. சாவி அம்மாகிட்ட இருக்கு."

அக்கேயோ டப்பாவைத் திறந்து நீட்டினார். "எடுத்துக்கோங்க சார். கூச்சப்படாதீங்க, நல்ல மீன்."

கிதோங்கா இரண்டு விரலால் சாவியை எடுத்து உதறி, லெட்டூராவிடம் எறிந்தார். லெட்டூரா நல்ல பிள்ளை, வேலைக்கு அலையாத அலைச்சல் அலைந்து சேர்ந்தவன். சாவியைப் பிடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி வேகமாக வந்தான். முன்பக்கக் கம்பியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். சாவியை பானெட் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"என்னடா?"

"புல்லு கட்டியிருக்கு சார்."

"இருந்தா என்ன?"

"அவ கட்டினது. அவதான் அவுக்கணும். அதுவரைக்கும் நான் ஏற மாட்டேன்."

கிதோங்கா அடுத்தவனைக் கூப்பிட்டார். அவன் தன் வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ பழுது பார்க்கத் தொடங்கினான். அதற்கடுத்தவனுக்குத் திடீரென்று பல்வலி. கிதோங்கா நகரத்து ஓட்டலிலிருந்து வந்தவர், இந்த மாதிரி விஷயங்களில் அவருக்குப் பொறுமை கிடையாது. "ஒரு பிடி புல்லுக்கா இவ்வளவு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தானே பிய்த்து எறியப் போனார். அவர் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. கோய்னெட்.

"தொடாதீங்க சார்."

"நீங்கதான இவ வேண்டாம்னு சொன்னது?"

"இப்பவும் சொல்றேன், வேண்டாம். ஆனா அந்த முடிச்சை நீங்க பிச்சா, நாளைக்குக் காலைல இங்க எந்த வண்டியும் கிளம்பாது. என் வண்டியும் கிளம்பாது."

"அப்ப இவளையே அவுக்கச் சொல்லுங்க."

கோய்னெட் அவளைப் பார்த்தார். ரெசியாத்தோ முன்னால் வந்து தலையைத் தாழ்த்தினாள். அவருக்கு வேறு வழியில்லை, தொட்டார்.

"அவுத்துடு மகளே."

"மாட்டேன்பா," என்றாள் அவள், தலையைத் தாழ்த்தியபடியே. "நாளைக்கு இந்த வண்டியை யார் ஓட்டறாங்கன்னு தெரிஞ்சப்புறம் யோசிக்கறேன்."

எங்கோ மேகத்துக்குள் சின்ன விமானத்தின் சத்தம் கேட்டது. அக்கேயோ பின் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "எங்க ஏரோப்ளேன் வந்துடுச்சு போல. யாராவது ஓட்டுங்கப்பா. மேனேஜர் சார், நீங்களே வாங்களேன்."

டிரைவர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். போன மழையில் கிதோங்கா ஆசைப்பட்டு ஓட்டிய வண்டியை டிராக்டர் வைத்து இழுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் விமானம் இருந்த திசையைப் பார்த்தார், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார், கோய்னெட்டைப் பார்த்தார். கோய்னெட் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ. கொண்டு போய் விடு," என்றார் கிதோங்கா கடைசியில். "அந்தப் புல்லு இருக்கற வரைக்கும்தான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் உன்னை இந்த வண்டிப் பக்கம் பாக்கக் கூடாது."

ரெசியாத்தோ பானெட் மேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள். மீன் நாற்றம் அடித்தது. முதல் தடவையாக அது அவளுக்குப் பிடித்திருந்தது.

விமானத் தளத்துக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் புல்வெளி இடுப்புயரத்துக்கு வளர்ந்து, கண் போகிற தூரம் வரை காற்றில் சாய்ந்து எழுந்தது. காலையில் ஆற்றைக் கடந்த கூட்டம் அதற்குள் மேயத் தொடங்கியிருந்தது. அக்கேயோ அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் முன்னால் குனிந்து, கம்பியில் ஆடிக்கொண்டிருந்த முடிச்சைக் காட்டினார்.

"அது காய்ஞ்சுடும் மகளே. ரெண்டு நாள்ல உதிர்ந்துடும். அப்புறம் என்ன பண்ணுவ?"

ரெசியாத்தோ கியரை மாற்றினாள்.

"மாராவுல புல்லுக்கா பஞ்சம்?" என்றாள்.